நோன்பு காலத்தில் டொக்டர் எமல்டா கேட்ட கேள்வி

நௌஷாட் தன் முச்சக்கரவண்டியை எனது மருந்துக்கடைக்கு முன்னால் நிறுத்தினால் ஹோர்ன் அடித்துத்தான் என்னைக் கூப்பிடுவார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் அவ்வளவு வாகனம் கத்தும்போது இவருடைய சத்தத்தை மட்டும் நான் பிரித்தறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்று காலை ஹோர்ன் இல்லை. இறங்கி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"நானா, டொக்டர் மௌத்தாகிட்டாங்க."

எந்த டொக்டர் இறந்தார் என்று நான் கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் டொக்டர்மாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் நௌஷாட்டும் நானும் வெறுமனே 'டொக்டர்' என்று சொன்னால் அது ஒரே ஒருவர்தான். இரவு படுத்தவர் காலையில் எழும்பவில்லையாம். இதயம் என்றார்கள். நோன்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. நோன்பில் மருந்து எடுப்பது பற்றி வருடந்தோறும் அவர் பேசும் கூட்டத்தை எப்போது வைக்கலாம் என்று முதல் நாள் மாலைதான் என்னோடு தொலைபேசியில் சண்டை பிடித்தார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன ஆளை என்ன செய்வது?

டொக்டர் எமல்டாவை உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவர்கள் போல் நடந்தவர்களும் உங்களுக்குள் இருக்கிறார்கள், அதையும் நான் அறிவேன். மனநல கிளினிக் டொக்டரைச் சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். சிரித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன், "இவங்களை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிடுவான் அல்லவா? அவர் அதைப் பற்றிக் கோபப்பட்டதில்லை. "எனக்கு சலாம் சொல்ல வேணாம் நானா, குளிசைய ஒழுங்கா போட்டா போதும்" என்பார். ஊராரைப் போல் அவரும் என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

அவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்தவர். ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கர். எனக்கு அவரோடு ஏற்பட்ட முதல் தொடர்பு ஒரு முறைப்பாடு. அவருடைய கிளினிக்கில் ஒரு மருந்து தீர்ந்துபோனால், வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டுகள் என் கடைக்கு வரும். கோழி கிளறிய மாதிரி எழுத்து. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கட டொக்டருக்கு எழுதத் தெரியாட்டி, ஆள வெச்சி எழுதச் செல்லுங்க" என்று தாதியிடம் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை மழைக்குள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் கடைக்குள் வந்தார். குடை இல்லை. கவுண்டருக்கு முன்னால் இருந்த கதிரையில் தானாகவே உட்கார்ந்தார். "எழுதத் தெரியாத டொக்டர் வந்திருக்கேன். துண்ட எடுங்க, படிச்சுக் காட்டுறேன்" என்றார். துண்டுக் கட்டை எடுத்து வைத்தேன். எல்லாத் துண்டையும் வாசித்துக் காட்டினார். அதில் ஒன்றை அவராலேயே வாசிக்க முடியவில்லை. அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு இருந்த பயமும் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து பெரிய பெரிய எழுத்தில், முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதைப் போல் எழுதினார். அன்று என் கடையிலிருந்து எடுத்துப்போன குடையைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகும் பல குடைகள் போயின. ஒன்றாவது திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அவர் அதிகமாக எழுதிய மருந்துகளில் ஒன்று மிர்டசபீன். மனச்சோர்வுக்கான மருந்து. இரவில் ஒரு தரம் போடுவது. நித்திரை கெட்டு, சாப்பாடு இறங்காமல், உடம்பு வற்றி வருகிறவர்களுக்கு அதைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார். எங்கள் ஆட்கள் அதற்கு 'நித்திரைக் குளிசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்கு மூக்கு சிவக்கும்.

திகனயில் துணிக்கடை வைத்திருக்கும், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். குளிசை தொடங்கிய சில நாட்களிலேயே நன்றாக உறக்கம் வந்துவிட்டது. வியாதி சுகம் என்று முடிவு செய்து மருந்தை நிறுத்தினார். அதோடு விட்டாரா? மிச்சத்தை, நித்திரை வராத அடுத்த வீட்டு மச்சிக்குத் தானம் செய்துவிட்டார். சீனி, தேங்காய் கொடுத்து வாங்குகிற மாதிரி குளிசையும் மதிலுக்கு மேலால் போனது. சிறிது காலத்தில் ராத்தாவின் மனம் பழையபடி இருண்டது. மச்சியோ பகலெல்லாம் தலை தூக்க முடியாமல் கிடந்தார். அவர் ஏற்கனவே வேறொரு மனநல மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். இரண்டும் சேர்ந்தால் சில வேளை உயிருக்கே கேடாகலாம் என்பதை டொக்டர் சொன்ன பிறகுதான் இரண்டு வீட்டாருக்கும் வியர்த்தது.

"தூக்கம் முதல் பஸ்ல வரும் ராத்தா, மனசு அடுத்த பஸ்லதான் வரும். அதுக்கு சில வாரம் புடிக்கும். முதல் பஸ்ஸ பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனா எப்படி?" என்றார். கடைக்குள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த முதல் வாரங்கள்தான் கவனம் வேண்டிய காலம் என்பது அவருடைய ஓயாத பாட்டு. முக்கியமாக இளம் பிள்ளைகளை வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். மனம் இன்னும் மோசமானால், பதற்றம் கூடினால், மறு நாள் வரை காத்திருக்காமல் வர வேண்டும். "சாகணும்னு நெனப்பு வந்திச்சா?" என்று, சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல் நேரே கேட்பார். முதல் தடவை கேட்டபோது நான் கவுண்டரில் ஒரு போத்தலைத் தட்டிவிட்டேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்ததாக ஆகாதா என்றேன். "ஆகாது நானா. கேட்டா எறக்கி வெப்பாங்க. கேக்காட்டி தனியா சொமப்பாங்க" என்றார்.

சுகமான பிறகு அதே ராத்தா இன்னொரு வித்தை செய்தார். குளிசையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். தலைச்சுற்று, வாந்தி, படபடப்பு. பயந்துபோய் கடைக்கு ஓடி வந்தார். டொக்டர் மறுபடி தொடங்கி, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். இது போதைக்கு அடிமையாவது இல்லை, உடம்பு பழகியதைத் திடீரென்று பறித்தால் அது கோபிக்கும், அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்தினார். ராத்தா இப்போது என்னைவிட நன்றாக எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறார். மரண வீட்டில் அதிகமாக அழுததும் அவர்தான்.

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். விளங்கியது என் மகனின் கலியாண விருந்தில். எங்கள் விருந்தில் சஹன் வைப்போம், ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். பரிமாறுகிறவர் சோற்றைப் போட்டுக்கொண்டே இருப்பார். போதும் என்றால் தட்டுக்கு மேல் கையை வைத்து மறைக்க வேண்டும். வாயால் போதும் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். டொக்டரைப் பெண்கள் பக்கத்தில் ஒரு சஹனில் உட்கார வைத்தோம். அவர் சாப்பாட்டுப் பிரியர். வட்டிலப்பம் வரை ஒரு கை பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"நானா, மிர்டசபீன் வேல செய்யறத இன்னைக்குக் கண்ணால பாத்தேன்" என்றார். சோற்று மயக்கம் என்று நினைத்தேன். கலியாண வீட்டு வாசலில் நின்று பாடம் நடத்தினார். மூளைக்குள் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குப் பரிமாறுகிறது. நோரட்ரினலின், செரட்டோனின் என்பவை பரிமாறப்படும் பண்டங்கள். கொஞ்சம் பரிமாறியதும் ஒரு கை வந்து தட்டை மூடும். பரிமாறுகிற நரம்பு நிறுத்திவிடும். இந்த மருந்து அந்தக் கையைப் பிடித்து ஒரு பக்கமாக வைக்கிறது. பரிமாறல் தொடர்கிறது. "மத்த மருந்து நெறையப் பேர் எடுக்கிறாங்களே, அது வேற வேல. போட்ட சோத்த திருப்பி சட்டிக்குள்ள அள்ளிக்கிட்டுப் போறத அது தடுக்கும். இது அதுல கை வெக்கிறதே இல்ல. அதனாலதான் இத வேற வகையில சேக்கிறாங்க."

அப்படியானால் நித்திரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "அது ஒங்க கடையிலேயே இருக்கே! தும்மலுக்குக் குடுக்கிற குளிசைய போட்டா ஏன் தூங்குறாங்க?" என்றார். தும்மலைக் கிளப்புகிற ஹிஸ்டமின் என்ற பொருள்தான் மூளையை விழிப்பாகவும் வைக்கிறது. இந்த மருந்து அதன் வாசலையும் அடைத்துவிடுகிறது. அதனால் நித்திரையும் வரும், பசியும் கிளம்பும், சிலருக்கு உடம்பும் வைக்கும். குறைந்த அளவில் சிலருக்கு நித்திரை மயக்கம் கூடுதலாகவே தெரியலாம், ஆகவே தன்னிஷ்டத்துக்குப் பாதியாக உடைத்துப் போட்டால் மயக்கமும் பாதியாகும் என்று கணக்குப் போட வேண்டாம் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இதான் முழுக் கதைன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க. மூளையப் பத்தி நமக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான்" என்றார். அவர் போன பிறகு பார்த்தால் வாசலில் வைத்திருந்த குடையைக் காணவில்லை.

இனி நௌஷாட்டின் கதைக்கு வருகிறேன். ஒரு நோயாளியின் கதையை மருந்துக்கடைக்காரன் எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். அவர் சம்மதித்த விதத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நௌஷாட் அலவத்துகொடக்காரர். அங்கிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாடசாலைக்கு ஓடுவதுதான் அவருடைய நிலையான வருமானம். சில வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி இறந்தார். அதன் பிறகு இவர் சாப்பிடவில்லை, உறங்கவில்லை, வண்டியைத் துடைத்துத் துடைத்து ஒரே இடத்தில் நின்றார். மனைவி அழுது கெஞ்சித்தான் கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் மிர்டசபீன் எழுதினார். முதலில் சில நாள் வண்டி ஓட வேண்டாம் என்றார். காலையில் மயக்கம் இல்லை என்று தெரிந்த பிறகே ஓட விட்டார். இரவில் போடு, போட்டபின் வண்டியில் ஏறாதே, காய்ச்சல் தொண்டை நோவு வாய்ப்புண் வந்தால் உடனே வா, இரத்தம் பார்க்க வேண்டும், எல்லாம் சொன்னார். நானும் கவுண்டரில் அதையே சொன்னேன். மனிதர் சொன்னபடி கேட்டார். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. பழையபடி ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்.

அப்போது நோன்பு வந்தது.

எங்கள் வீடுகளில் நோன்பு வந்தால் எல்லா மருந்தும் சஹருக்குப் போய்விடும். விடிய முன் எழும்பிச் சாப்பிடும் அந்த நேரத்தில், பகல் முழுக்க வாய் கட்டப் போகிறோம் என்று பிரஷர் குளிசை, சீனி வியாதிக் குளிசை, கால் நோவுக் குளிசை எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கித் தண்ணீர் குடிப்போம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. வாப்பா செய்தார், நாங்களும் செய்கிறோம். நௌஷாட்டும் அதையே செய்தார். அவருக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. நோன்பு மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு ஹயர், அதாவது வாடகை ஓட்டம், அதிகம். குளிசையைப் போட்டால் அந்த ஹயர் போகும், சஹருக்கு எழும்பவும் முடியாமல் போகும். ஆகவே சஹரில் போட்டார்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை. ஆனால் அவர் ஏற்றிய பிள்ளைகள் படித்த பாடசாலைக்கு விடுமுறை இல்லை. சஹரில் போட்ட குளிசை அதன் வேலையைத் தொடங்கும் நேரத்தில் அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஒரு வளைவில் கண் செருகிவிட்டது. வண்டி வீதியோர வடிகால் கானுக்குள் சரிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போனது. ஓடி வந்தவர்கள் பார்த்தது என்ன? சாரதி தள்ளாடுகிறார். நாக்கு குழறுகிறது. கண் சிவந்திருக்கிறது.

"நோன்பு காலத்தில குடிச்சிட்டு புள்ளகள ஏத்தியீக்கிறான்!"

யார் முதலில் சொன்னார் என்று தெரியாது. நண்பகல் லுஹர் தொழுகைக்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள். பொலிஸுக்குச் சொல்லாமல் ஆட்களே வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். பொலிஸ் வந்திருந்தால் ஊதச் சொல்லியிருப்பார்கள், ஊதியிருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். உபகாரம் செய்வதாக நினைத்து ஆளையே கவிழ்த்தார்கள். அடுத்த நாள் ஒரு பிள்ளையும் அவர் வண்டியில் ஏறவில்லை. பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் தொழுகைக்கு முன்பே தள்ளி நின்றார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர்.

விஷயம் கேள்விப்பட்டு டொக்டர் என் கடைக்கு வந்தார். இருவரும் அலவத்துகொடவுக்குப் போனோம். நௌஷாட் வீட்டு முற்றத்தில் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எத்தனை மணிக்குக் குளிசை போட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். சஹருக்கு என்றார். டொக்டர் அப்படியே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "சஹருக்கா? எல்லாருமா?" என்றார். எல்லோரும்தான் என்றேன். அவருடைய முகம் வாடியதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"நான் கேக்கல" என்றார். "நோம்பு வருதுன்னு தெரியும். ரோட்டுல பேரீச்சம்பழம் விக்கிறத பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். நோம்புக்கு எப்படி எடுக்கப் போறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. இது எம் பிழ நௌஷாட். ஒங்க பிழ இல்ல."

டொக்டர்மார் தங்கள் பிழையை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. மனைவி உள்ளேயிருந்து கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டொக்டர் உடனே எழும்பினார். "பள்ளிவாசலுக்குப் போய் நானே சொல்லுறேன். இது குடி இல்ல, மருந்து மயக்கம்னு சொல்லுறேன். சம்மதமா?" என்றார்.

நௌஷாட் அதற்குச் சொன்ன பதிலை நான் இன்று வரை மறக்கவில்லை.

"செல்லாதீங்க டொக்டர். குடிகாரன்டா ஒரு பெருநாளோட மறந்திடுவாங்க. பைத்திய மருந்து குடிக்கிறவன்டா எண்ட மகள கட்டுறதுக்கு ஒருத்தனும் வர மாட்டான்."

"இது பைத்திய மருந்து இல்ல."

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே."

டொக்டர் மறுபடி உட்கார்ந்தார். நௌஷாட் சம்மதிக்காமல் தான் வாய் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் அதே விலங்குதான். உண்மை தெரிந்த நாங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம், ஊர் பேசியது.

அதன் பிறகு டொக்டரிடம் ஒரு புது வழக்கம் வந்தது. எந்த நோயாளிக்கும் மருந்தெழுத முன், "நோம்பு புடிக்கிறீங்களா? வெரதம் இருப்பீங்களா? வேல எத்தன மணிக்கு? ராவில வண்டி ஓடுறதா?" என்று கேட்பார். ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன், அலவத்துகொடப் பாடசாலை மண்டபத்தில் பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கொண்டு ஒரு கூட்டம் வைப்பித்தார். பிரஷர், சீனி, மனம், எல்லா மருந்தையும் பற்றிப் பேசுவார். மிர்டசபீன் எடுப்பவர்கள் தராவீஹ் முடிந்ததும் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும், வீட்டார் சஹருக்கு எழுப்ப வேண்டும், ராத்திரி வேலை இருந்தால் தன்னிடம் வந்து பேச வேண்டும், தானாக நேரம் மாற்றக் கூடாது என்பார். நோன்பை விடலாமா என்று மௌலவியிடம் கேளுங்கள், மருந்தை விடலாமா என்று என்னிடம் கேளுங்கள் என்பார். தோட்டங்களில் பேசும்போது சாராயத்தைப் பற்றியும் சொல்வார்: "இதோட அது சேந்தா தூக்கம் இல்ல, ஆபத்து." கூட்டத்தின் கடைசியில் எப்போதும் ஒரு வசனம் வரும்: "ஒரு தடவ நான் கேக்காம விட்டேன். ஒரு நல்ல மனுசனோட பேரு கெட்டுப்போச்சு." பெயர் சொல்லமாட்டார், ஊர் சொல்லமாட்டார், தொழிலும் சொல்லமாட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு அவரை ஏற்றிக்கொண்டு போவது நௌஷாட்தான். அவரே கேட்டு எடுத்த வேலை. பிள்ளைகளின் ஹயர் போன பிறகு அவர் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்தார். தராவீஹுக்குப் பிந்திய ஹயரையும் விட்டுவிட்டார். மண்டபத்துக்கு வெளியே, மாமரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருப்பார். ஒரு தடவையும் இறங்கி வந்ததில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் ஏறியதும், ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருந்தும், கண்ணாடியில் டொக்டரைப் பார்த்து, "செல்லிட்டீங்களா?" என்பார். "சொன்னேன். பேரில்லாம" என்பார் டொக்டர்.

ஒரு தடவை இறங்கும்போது டொக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: "நானா, அந்த மனுசன் வாயால ஒரு நாள் சொல்லணும். எம் பேர காப்பாத்த இல்ல. அவரு நிமுந்து நடக்கிறத எனக்குப் பாக்கணும்." அவர் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டு நான் கண்டது அது ஒன்றுதான். குடைகளைக் கேட்டு வாங்கியதில்லை, எடுத்துக்கொண்டு போவார்.

மரண வீடு நிறைந்திருந்தது. வெள்ளைக் கொடி கட்டிய பாதையில், ஒருவரையொருவர் தெரியாதவர்போல் இத்தனை காலம் நடந்த என் வாடிக்கையாளர்கள் வரிசையாக நின்றார்கள். இவரும் அவரிடம்தானா, அவரும் இவரிடம்தானா என்று கண்ணாலேயே விசாரித்துக்கொண்டார்கள். இந்தத் தைரியத்தில் பாதியை அவர் இருக்கும்போது காட்டியிருந்தால் சந்தையில் அவருக்கு எத்தனை சலாம் கிடைத்திருக்கும்! செத்த பிறகு சேர்ந்து நிற்பதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

அடக்கம் முடிந்த பின் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். கூட்டத்தை நிறுத்த வேண்டாம், இந்த வருடம் நீங்கள் பேசுங்கள் என்றார்கள். நௌஷாட் ஏற்றிக்கொண்டு போனார். வண்டியின் பின் இருக்கையில் நான் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். மற்றப் பக்கம் டொக்டர் உட்காரும் இடம்.

மண்டபத்தில் பின்னேர அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்த ஆண்கள், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சஹன் தட்டின் மேல் வைத்த கையைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்கள். இரண்டு பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். கடைசி வசனத்துக்கு வந்தேன். "டொக்டர் ஒரு தடவ கேக்காம விட்டாங்க..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். அது அவர் சொல்ல வேண்டிய வசனம்.

அப்போது பின் கதவில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. நௌஷாட் உள்ளே வந்தார். நடுவால் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். ஒலிவாங்கியை அவர் வாங்கவில்லை. அந்த மண்டபத்துக்கு அவர் குரல் போதுமாக இருந்தது.

"அண்டைக்கு நான் குடிக்கல்ல" என்றார்.

பின் வரிசையில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள்.

"மனசுக்கு மருந்து எடுத்தேன். இப்பவும் எடுக்கிறேன். சஹருக்குப் போட்டுட்டு வண்டி ஓடினேன், அது எண்ட பிழ. டொக்டர் வருஷா வருஷம் இங்க நிண்டு அவங்கட பிழயெண்டு செல்லிட்டுப் போனாங்க. நான் வெளிய வண்டிக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அவங்க மௌத்தாகும் வரைக்கும் நான் எறங்கல்ல." திரைப் பக்கம் திரும்பினார். "உங்கட வீட்டுலயும் ஆளீக்கும். ஒளிச்சி ஒளிச்சி சஹருக்குப் போடாதீங்க. கேளுங்க."

முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பினார். அன்று அந்தக் கானிலிருந்து வண்டியைத் தூக்கியவர்களில் ஒருவர், குடித்திருக்கிறான் என்ற பேச்சை ஊருக்குள் கொண்டுபோனவர்களிலும் ஒருவர். வந்து நௌஷாட்டின் இரண்டு கைகளையும் பிடித்தார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் என்னிடம் கேட்டது: "நானா, எண்ட வூட்டுக்காரர்ட குளிசய எத்தன மணிக்குக் குடுக்கோணும்?" அவருக்குப் பின்னால் இன்னொருவர் கேட்டார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது நௌஷாட் கண்ணாடியை நிமிர்த்தி, வெறுமையாக இருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "செல்லிட்டேன் டொக்டர்" என்றார். பிறகு என்னிடம், "நானா, நீங்க எழுதுறதெண்டா பேரோட எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.

டொக்டர் எமல்டாவுடையது என்று சொல்ல என் கடையில் ஒரு பொருளும் இல்லை. அவர் எடுத்துக்கொண்டு போனாரே தவிர எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. அவருடைய கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். மருந்துப் பையை நீட்ட முன், "நோன்புக்கு இத எப்ப எடுக்கப் போறீங்க?" என்று யாரிடமும் கேட்காமல் இப்போது என் கை நகர்வதில்லை.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது, அது என்னுடையது அல்ல. "அண்டைக்கு நான் குடிக்கல்ல." டொக்டர் கேட்க ஆசைப்பட்ட அந்த ஒரு வசனத்தை, அவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்று நான் கேட்டேன்.